அஞ்சலை ஏறிய இறால் கூடை

இந்தப் பயணத்துக்குக் காரணம் வயிற்றெரிச்சல். கடல் பார்க்கப் போனேன், மீன் வாங்கப் போனேன் என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்தான். ஆனால் இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிக்கிற நாற்பது ஐம்பது பேருக்கு என் குணம் தெரியும்.

இரண்டு வாரங்களுக்கு முன்னால் என் அண்ணன் ஒரு செய்தித்தாள் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினான். அரைப் பக்கப் பேட்டி, மூன்று புகைப்படங்கள். அஞ்சலை, தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்த பெண், கோவளத்துக்காரி, இப்போது பெங்களூரில் சொந்தமாகப் பயிற்சிக்கூடம் வைத்திருக்கிறாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தேன். என்னைப் பற்றி ஒரே ஒரு இடத்தில் வருகிறது. ‘முதல் பந்தயத்தன்று என் தோழி புவனா தாம்பரத்தில் வயிறு நிறையப் பொங்கல் வாங்கிக் கொடுத்தாள். அந்தத் தெம்பில்தான் ஜெயித்தேன்.’

அந்த புவனா நான்தான். நானும் அவளோடு கையில் துணி சுற்றிக்கொண்டு குத்துச்சண்டை பழகியவள். அவளுக்கு ஆறு மாதம் முன்னாலேயே பழக ஆரம்பித்தவள். அதெல்லாம் பேட்டியில் கிடையாது. பொங்கல் மட்டும்தான் இருக்கிறது.

எனவே அந்தப் பந்தயத்தன்று நாங்கள் இருவரும் போன வழியிலேயே ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அஸ்தினாபுரம், குரோம்பேட்டை, தாம்பரம், கோவளம். ஒரு வழிக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர். அரை நாளில் போய் வந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை 5:20க்குச் சிட்லபாக்கத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஏரிக்கரையில் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் கையை வீசி நடந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கிலோமீட்டர் நடந்தால் அஸ்தினாபுரம். 5:45க்கு அங்கே இருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே ஒரு லேத் பட்டறையும் அதன் பின்னால் ஒரு தகரக் கொட்டகையும் இருந்தன. பகலில் லேத் ஓட்டுகிற மாஸ்டர் சாயங்காலம் கொட்டகையில் பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக் கொடுப்பார். அண்ணன் போனான், அவன் பின்னால் நானும் போனேன். அண்ணன் கூட இருக்கிறான் என்று அப்பாவும் விட்டுவிட்டார். ஆறு மாதம் அங்கே நான் ஒருத்திதான் பெண். அந்த ஆறு மாதம் போல் என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

அப்புறம் அஞ்சலை வந்தாள். அஸ்தினாபுரத்தில் பெரியம்மா வீட்டில் தங்கித் தெருத்தெருவாக மீன் விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் காலிக் கூடையை வாசலில் வைத்துவிட்டு அரை மணி நேரம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து, “சார், நானும் ஒரு குத்து வுட்டுப் பாக்கட்டா?” என்றாள். பையன்கள் சிரித்தார்கள். அவள் விட்ட குத்தில் மணல் மூட்டை போய்ச் சுவரில் இடித்துவிட்டுத் திரும்பி வந்தது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு ஆறு மாதம் பிடித்ததெல்லாம் அவளுக்குப் பத்து நாளில் வந்தது. சின்ன வயதிலிருந்து வலை இழுத்த தோள். மாஸ்டர் என்னைப் பார்த்து, “பரவால்லம்மா, போய் உக்காரு” என்பார். அவளைப் பார்த்தால் “இன்னொரு தபா” என்பார். மறுபடியும் “இன்னொரு தபா”. அவளைத்தான் திட்டுகிறார் என்று ரொம்ப நாள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். பரவாயில்லை என்று சொல்லி உட்கார வைக்கிறவர் நம்மிடம் இனி எதையும் எதிர்பார்க்கவில்லை என்பது உறைக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது நாலு மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு. காவலாளி எழுந்து வந்து யாரைப் பார்க்கணும் என்று கேட்டார். யாரையும் இல்லை என்றேன்.

6:10க்கு ஷேர் ஆட்டோ. குரோம்பேட்டை ரயில் நிலையம் மூன்று கிலோமீட்டர், இருபது ரூபாய். அந்தக் காலத்தில் இங்கே நடைமேடையில் விளக்கெல்லாம் சுழலும் ஓர் எடை இயந்திரம் இருந்தது. காசு போட்டால் எடை அச்சடித்த அட்டை வந்து விழும். எங்கள் எடையை மாஸ்டர் அதில்தான் பார்ப்பார். பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் இருவரும் ஏறினோம். அவளுக்கு நாற்பத்தெட்டு, எனக்கு நாற்பத்தாறு.

எந்தப் பந்தயம் என்று சொல்லவில்லையே. கோவளத்தில் ஊர்த் திருவிழாவுக்குக் குத்துச்சண்டை ஏற்பாடு செய்திருந்தார்கள். கூட்டம் சேர்க்க, பெண்கள் சண்டை ஒன்றும் உண்டு. பெங்களூரிலிருந்து ஒரு பெண் வருகிறாள். ஜெயித்தால் ஐநூறு ரூபாய், தோற்றால் முந்நூறு. காசு வாங்கிக்கொண்டு மேடையேறுவதால் அதுதான் தொழில்முறைச் சண்டை. எடை நாற்பத்தெட்டு கிலோவுக்கு மேல் போகக்கூடாது. எங்கள் பக்கம் ஒரே ஒரு இடம். மாஸ்டர் அஞ்சலையைச் சொன்னார். என்னிடம், “நீ ஸ்டாண்ட்பைம்மா. அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ” என்றார். அந்த ‘ஏதாவது’ என்கிற வார்த்தையைக் கட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தேன்.

6:32 ரயில், ஐந்து ரூபாய், எட்டே நிமிடத்தில் தாம்பரம். பந்தயத்தன்று மேடை கட்டுவதற்காக மாஸ்டர் எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டார். நாங்கள் இருவரும்தான் வந்தோம். நிலையத்துக்கு வெளியே ஒரு மெஸ். நெய் வாசனை தெருவரைக்கும் வந்தது. அஞ்சலை முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஓர் இட்லி மட்டும் சாப்பிட்டிருந்தாள். வாசலில் அவள் நடை தானாக நின்றது.

“வா, சாப்பிடலாம்” என்றேன்.

“எட போட்டப்பறந்தான் துண்ணணும்னு மாஸ்டரு சொன்னாருடி.”

“அதான் நேத்தே எடை பாத்தாச்சே. அங்க சும்மா பேருக்குத்தான் பாப்பாங்க.”

பச்சைப் பொய். நாற்பத்தெட்டில் நிற்கிறவள் ஒரு கவளம் தின்றாலும் எல்லை தாண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பொங்கல், மேலே இன்னொரு பொங்கல், இரண்டு வடை, காபி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். எல்லாம் என் காசு. அவள் வாழை இலையை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் கிராம் கணக்குப் போட்டேன். “நீ துண்ணலியா?” என்று கேட்டாள். எனக்குப் பசியில்லை என்றேன். இதைத்தான் அவள் முப்பது வருஷம் கழித்துப் பேட்டியில் அன்பு என்று சொல்லியிருக்கிறாள்.

மெஸ் இப்போது கண்ணாடிக் கதவு போட்டுப் பெரிதாகியிருக்கிறது. பொங்கல் அறுபது ரூபாய். சாப்பிட்டேன்.

7:10க்கு வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போகும் பேருந்து. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அன்று மூன்றரை ரூபாய். நடத்துநர், “கோவளத்துல எங்க மேடம் எறங்கணும்?” என்றார். மீன் விற்கிற இடம் என்றேன். “ஞாயித்துக்கெழமல? வஞ்சிரம் கிட்டயே போவாதீங்க. வெல யான வெல சொல்வாங்க” என்று கவலையோடு சொன்னார்.

அன்று இந்த முப்பது கிலோமீட்டரும் அஞ்சலை என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். உண்ட மயக்கம். எனக்குக் குற்ற உணர்ச்சி வந்ததாக எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. என் பெயரை ஒலிபெருக்கியில் எப்படிச் சொல்வார்கள், மேடையில் முதலில் எந்தக் காலை வைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்காகவே புதிதாக ஒரு வெள்ளைக் கால்சட்டை வாங்கிப் போட்டிருந்தேன்.

8:20க்குக் கோவளம். நிறுத்தத்திலிருந்து கடற்கரைக்குப் பத்து நிமிட நடை. அன்று நாங்கள் வந்து சேர்ந்தபோது ஏற்பாட்டாளர்கள் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். எடை இயந்திரத்தைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். பெங்களூர்ப் பெண்ணோடு வந்தவர், எடை பார்க்காமல் சண்டை கிடையாது என்று நின்றார். ஊர்க்காரர்களுக்கு அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. இறால் நிறுக்கும் தராசு இருக்கும்போது என்ன கவலை? மூன்று கழிகளைக் கூம்பாகக் கட்டி நிறுத்திக் கொக்கி மாட்டி, அதில் கடிகாரம் போல் வட்ட முகமுள்ள தராசைத் தொங்கவிட்டு, கீழே பெரிய மூங்கில் கூடையைக் கட்டினார்கள். நிறுப்பவர் கஸ்தூரி அக்கா. அந்தக் கரையில் இறால் எடை என்றால் அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

முதலில் பெங்களூர்ப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு, துப்பட்டாவை விரித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். அவள் எல்லைக்குள்தான் இருந்தாள். அடுத்து அஞ்சலை. சொந்த ஊர். அவள் அம்மாவும் அத்தைகளும் நிற்கிறார்கள், இளவட்டங்கள் விசிலடிக்கிறார்கள். அவள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஒரே தாவில் கூடைக்குள் குந்தினாள். முள் ஐம்பதில் நின்றது.

கஸ்தூரி அக்கா கூவினார். “அம்பது! கூடைக்கு ஒண்ணு தள்ளு, தண்ணிக்கு ஒண்ணு தள்ளு. நாப்பத்தெட்டு!”

கரையே தலையாட்டியது. இறால் எடையில் அதுதான் வழக்கம். கூடைக்கு ஒரு கிலோ, இறாலிலிருந்து வடியும் தண்ணீருக்கு ஒரு கிலோ. கூடைக்குக் கழித்தது சரி. ஆனால் அஞ்சலையிடமிருந்து என்ன தண்ணீர் வடிந்தது? பெங்களூர்க்காரருக்கு அந்தக் கழிவின் விவரம் தெரியாது. மாஸ்டர் மேடைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவள் நாற்பத்தொன்பது என்பது அந்தக் கரையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஒரு கிலோவை வாங்கிக் கொடுத்தவளே நான்தானே.

நான் சொல்லவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அஞ்சலை மேடையேறினாள். மூன்றாவது சுற்றில் பெங்களூர்ப் பெண்ணால் கையைத் தூக்க முடியவில்லை. அஞ்சலை அப்போதுதான் தூங்கி எழுந்தவள் போல் இருந்தாள். அங்கே கூட்டத்தில் இருந்த ஒருவர் அவளை அடுத்த மாதமே பெங்களூருக்குக் கூப்பிட்டார். அங்கிருந்து எங்கெங்கோ போனாள். நான் வங்கித் தேர்வு எழுதினேன். அன்று மட்டும் நான் வாயைத் திறந்திருந்தால் அஞ்சலை என்று ஒருத்தியே இல்லை, தோழிக்காக விட்டுக்கொடுத்தேன் என்று என் வீட்டுக்காரரிடமும் பிள்ளைகளிடமும் வங்கியில் கூட வேலை பார்த்தவர்களிடமும் இத்தனை வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

போன ஞாயிறு அதே கரையில் கஸ்தூரி அக்காவைப் பார்த்தேன். எழுபத்தைந்து வயதாவது இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மருமகள் எலக்ட்ரானிக் தராசில் மீன் நிறுப்பதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அரைக் கிலோ சங்கரா மீன் வாங்கிவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன்.

“அக்கா, அஞ்சலையை இறால் கூடையில உக்கார வச்சு எடை போட்டீங்களே, ஞாபகம் இருக்கா?”

“அத்த எப்டி மறப்பேன்? அதான் பேப்பர்ல வந்துகினு கீதே.”

“அன்னிக்குத் தண்ணிக்கு ஒண்ணு கழிச்சீங்க. அவ என்ன இறாலா? நியாயமாப் பாத்தா அவ ஒரு கிலோ கூட.”

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு நாற்காலியே ஆடும்படி சிரித்தார். “ஆமாம்மே! கூடைய கண்டா வாய் தானா தண்ணிய சொல்லிகினு பூடுது. அது பழக்கம்.”

“எனக்கு அப்பவே தெரியும்க்கா. அவளுக்காகத்தான் சொல்லாம விட்டேன்.”

அவர் சிரிப்பு நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ அந்த வெள்ள பேண்ட்டு பொண்ணா? மாஸ்டரு ஸ்டாண்ட்பைன்னு சொன்னாரேன்னு நீயும் ஏறிக்கோ கண்ணுன்னு உன்ன கூப்ட்டனே. நீ மூக்க பொத்திகினு நாலு அடி பின்னால பூட்டியே.”

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கும் சொல்லாமல் விடத்தான் நினைத்திருந்தேன். நடந்தது அதுதான். வாயைத் திறந்தால் அஞ்சலை இறங்குவாள், நான் ஏற வேண்டும். அடியில் இறால் ஓடு ஒட்டிய கூடை, சுற்றிலும் விசில், என் வெள்ளைக் கால்சட்டை. பெங்களூர்ப் பெண்கூட உட்கார்ந்தாள். ஒரு நாற்றத்துக்கும் நாலு பேர் சிரிப்புக்கும் பயந்துதான் நான் வாயை மூடிக்கொண்டேன். தோழியாவது, விட்டுக்கொடுத்ததாவது. அவள் தோளைப் பார்த்து இத்தனை வருஷம் பொறாமைப்பட்டது வீண். நான் பொறாமைப்பட்டிருக்க வேண்டியது அவள் அந்தக் கூடைக்குள் தாவியதைப் பார்த்துத்தான். இப்போது அதைப் பார்த்துப் படுகிறேன். இது இன்னும் மோசமாக எரிகிறது.

“அதுக்கு இன்னா, இப்ப ஏறேன்” என்று அக்கா தராசைக் காட்டினார். நான் யார் யார் பார்க்கிறார்கள் என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். அதற்குள் மருமகள் அதன் மேல் ஒரு கூடை வஞ்சிரத்தை வைத்துவிட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: எட்டரை மணிக்குள் கரைக்குப் போய்விடுங்கள். ஒன்பதுக்கு மேல் நல்ல மீன் கிடைக்காது. பையும் சில்லறையும் கொண்டு போங்கள். வெள்ளை உடுப்பு வேண்டாம். திரும்புவதற்குக் கோவளத்தில் நேர்ப் பேருந்துக்குக் காத்திராமல் கேளம்பாக்கம் வந்து மாறினால் அரை மணி மிச்சம். நான் 11:40க்கு வீடு சேர்ந்தேன். மீன் தவிர மொத்தச் செலவு நூற்றுப் பத்து ரூபாய்.

தாம்பரத்தில் பொங்கல் சாப்பிடாமல் போகாதீர்கள். கூட வருகிறவருக்கும் வாங்கிக் கொடுங்கள். கெட்ட எண்ணத்தோடு வாங்கிக் கொடுத்தாலும் அது சாப்பிடுகிறவர் உடம்பில்தான் ஒட்டுகிறது, மூன்று சுற்று தாங்குகிறது. நான் பார்த்திருக்கிறேன்.