ஈரமா என்று மைஸ்டர் கேட்டார்

என் வீட்டு நிலவறையில் ஒரு முகக்கவசம் தொங்குகிறது. அதன் கண்ணாடியில், இடது கண்ணுக்கு நேராக, உருகிய அலுமினியம் தெறித்து ஒரு நாணயமளவில் உறைந்திருக்கிறது. அதை அணிந்திருந்தவர் எங்கள் மைஸ்டர். ஜெர்மனியில், டோர்ட்மண்டுக்கு வெளியே பழைய அலுமினியம் உருக்கும் ஆலை ஒன்றில் உலைக்குப் பொறுப்பானவர். அந்தத் தெறிப்புக்குக் காரணம் நான். எப்படிக் காரணமானேன் என்பது எனக்குத் தெரியவர ஏழு கிழமைகள் சென்றன.

எண்பத்தாறின் மாரிகாலம். அகதி விண்ணப்பம் முடிவாகவில்லை. வேலை அனுமதி மட்டும் கிடைத்திருந்தது. நானும், என் அறையிலேயே தங்கியிருந்த அண்ணை ஒருவரும் உலோகக் கழிவைத் துப்புரவாக்கும் இடத்தில் நின்றோம். ஜன்னல் சட்டங்கள், இயந்திரக் கூடுகள், குழாய்கள் குவியலாக வந்து விழும். காந்தம் வைத்துப் பார்த்து இரும்பாணிகளைக் கழற்றுவோம், ஒட்டியிருக்கும் ரப்பரைப் பிடுங்குவோம், துப்புரவானதைத் தொட்டிகளில் நிரப்புவோம். இரும்பு தப்பிப் போனால் உலோகம் கெடும். தண்ணீர் தப்பிப் போனால் ஆள் போய்விடும். உருகிய உலோகத்துக்குள் அகப்படும் நீர் நொடியில் ஆவியாகி எல்லாவற்றையும் தூக்கி எறியும். அதனால் ஒவ்வொரு தொட்டியையும் எடுக்குமுன் மைஸ்டர் என்னிடம் வந்து ஒரே சொல்லில் கேட்பார்: “நாஸ்?” ஈரமா?

அதுவரை வந்தவையெல்லாம் காய்ந்தவை. “நைன்”, இல்லை, என்பேன், எடுத்துப் போவார். அதற்கு மேல் நான் பேசுவதில்லை. மாலையில் நடந்ததையெல்லாம் நேரம் குறித்து டயறியில் எழுதுவேன். “தம்பி, நீர் கொப்பியிலதான் கதைக்கிறீர்” என்று அண்ணை பகிடி பண்ணுவார்.

அந்தத் தெறிப்பு நடந்த நாள் காலை, குளிருக்கு வாயை மூடிச் சால்வை சுற்றியிருந்தேன். முனை நசுங்கிய குழாய்களுக்குள் பனிக்கட்டி இருந்தது. மைஸ்டர் கேட்டார். பதில் கொடுத்தேன். தொட்டியைக் கொண்டுபோனார், உலர்த்தத்தான் என்று நினைத்து அடுத்த குவியலுக்குக் குனிந்தேன். பிறகு கேட்டதைச் சத்தம் என்று எழுத முடியாது, நெஞ்சில்தான் விழுந்தது. நிமிர்ந்தபோது வெள்ளையாக ஏதோ கூரை வரை எழுந்து மழையாக இறங்கிக்கொண்டிருந்தது. மைஸ்டர் முழங்காலில் நின்றார். கழுத்திலிருந்து புகை வந்தது.

அன்றைய டயறியில் இருப்பது: “9.40. ஈரம் என்று சொன்னேன். ஆனாலும் கொட்டினார்.”

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் சொல்லியனுப்பினார்: காய்ந்தது என்று அந்தத் தமிழன்தான் சொன்னான். வெடிப்பைவிட இதுதான் என்னை உலுக்கியது. நேர்மையானவர் என்று நம்பியிருந்த மனிதர் பொய் சொல்கிறார். மைஸ்டர் திரும்பியதும் விசாரணை, அதன் பிறகு வேலை இருக்குமோ தெரியாது என்றார்கள். வேலை போனால் என் விண்ணப்பத்தில் என்ன எழுதுவார்களோ என்று வேறு பயந்தேன்.

“உண்மையாச் சொல்லும், என்ன சொன்னனீர்?” என்று அண்ணை கேட்டார்.

“ஈரமெண்டுதான் அண்ணை. இந்தா, எழுதியிருக்கிறன்.”

ஏழாவது கிழமை மைஸ்டர் வந்தார், கழுத்தில் கட்டோடு. நேராக என்னிடம் வந்து, தண்ணீர் சொட்டும் ஒரு ஜன்னல் சட்டத்தை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினார். “நாஸ்?”

தலையை ஆட்டினேன்.

“பார்! சொட்டச் சொட்ட இல்லை என்கிறான்!” என்று ஜெர்மனில் கத்தினார்.

“இல்லை மைஸ்டர், அவர் ஓமெண்டுதான் சொல்லுறார்” என்றார் அண்ணை, அவருக்குத் தெரிந்த ஜெர்மனில். சொல்லும்போது அவருடைய தலையும் என்னுடையதைப் போலவே இடமும் வலமும் சாய்ந்து ஆடியது.

மைஸ்டர் இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் ஊரில் ஓமென்று ஆடும் தலை அவருடைய ஊரில் இல்லை என்று சொல்லும். கையிலிருந்த சட்டம் கீழே விழுந்தது. கட்டின் மேல் கையை வைத்தபடி குவியலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று நான் எதையுமே சொல்லவில்லை.

விசாரணை நடக்கவில்லை. ஓய்வு பெற்ற நாளில் அவர் இந்த முகக்கவசத்தை என் கையில் தந்து, ஒரு குறும்போடு “நாஸ்?” என்றார். அப்போது ஈரமாக இருந்தது எங்கள் கண்கள்தான். “யா” என்று உரத்துச் சொன்னேன்.

இன்று மகள் தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டாலும் வாய் திறந்து “ஓம்” என்கிறேன். தலை அதற்கு முன்பே ஆடிவிடுகிறது. டயறியின் அந்தப் பக்கத்தில் “சொன்னேன்” என்பதை ஒரு கோட்டால் வெட்டி, மேலே “தலையாட்டினேன்” என்று எழுதியிருக்கிறேன். நிலவறைக்கு இறங்கும்போதெல்லாம் முகக்கவசத்தின் இடது கண்ணைப் பார்க்கிறேன். அன்று அவர் அந்தக் கண்ணாடியை மேலே தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மட்டும் இதுவரை எழுதவில்லை.