வெட்டப்பட்ட விளிம்பு

டிசைனர் ஒவ்வொரு படத்திலும் கீழ்ப்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டிவிடுவாள். எனக்குச் சந்தேகம் முளைத்தது அங்கேதான்.

நாங்கள் மூன்று பேர். கீரனூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர் படம் எடுப்பார்; அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். திருச்சிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் நான், படத்துக்குச் சில வரிகள் எழுதுவேன். சென்னை வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்த டிசைனர் இரண்டையும் ஒரே தாளில் அமைப்பாள். கெட்டியான பருத்தித் தாளில் சில பிரதிகள் மட்டும் அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் மூவரும் பென்சிலில் கையெழுத்துப் போடுவோம். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஆட்கள் வாங்கினார்கள்.

குளத்தூர்ப் பக்கத்துக் கண்மாய்கள், சித்தன்னவாசல் பாறையில் விழும் காலை வெயில் என்று படங்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் முன்பைவிட நன்றாக இருந்ததுதான் என்னை உறுத்தியது. கூட வருகிறேன் என்றால் அண்ணன் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பார். தான் எடுத்த படத்தைப் பற்றி, நான் பேசும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். கையெழுத்துப் போடும்போது டிசைனர் அவர் விரலைப் பிடித்து இடத்தில் வைப்பாள். யாரோ எடுத்ததை வாங்கித் தன் பெயரில் போடுகிறாரோ, இவளும் உடந்தையோ என்று நினைத்தேன்.

ஒருநாள் டிசைனரிடமிருந்து வந்த மெயிலில் வெட்டாத படம் இருந்தது. கண்மாய்க் கரையில் ஆடுகள். முன்னால், காலை வெயிலில் நீண்டு கிடந்தது படம் எடுப்பவரின் நிழல். முழங்கைகள் உயர்ந்திருந்தன. இடுப்புக்குப் பக்கத்தில் முந்தானை காற்றில் பறந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவுக்குப் போனேன். முன்னறையில் அண்ணிதான் இருந்தார். படத்தைக் காட்டியதும் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சர்க்கரை நோயில் அண்ணனின் பார்வை மங்கிப்போனதைத் தணிந்த குரலில் சொன்னார்.

"அவரு சொல்லுவாரு, நான் அமுக்குவேன். அம்புட்டுதான் தங்கச்சி. வெளிய தெரிஞ்சா இந்த ஸ்டுடியோவுக்கு யாரு வருவா?"

அண்ணியின் பெயர் இல்லாத தாளில் இனி என் கையெழுத்து இருக்காது என்றேன். உள்ளறையிலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"அவ சொல்றது பொய்மா. நான் சொல்றத நிறுத்தி ரொம்ப நாளாச்சு. எங்க நிக்கணும், எப்ப எடுக்கணும், எல்லாம் அவளே பாத்துக்கிறா."

பிறகு டிசைனருக்குப் போன் போடச் சொன்னார். கீழே வெட்டாமல் அப்படியே அச்சிடும்படி அவளிடம் சொன்னார். மறுமுனையில் அவள் காரணம் கேட்கவே இல்லை. அந்த மெயில் தவறுதலாக வந்தது என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள். வேலையில் ஒரு புள்ளிகூடப் பிசகாதவள் அவள், நான் நம்பவில்லை.

புதுக்கோட்டையில் அந்தப் பிரதிகளைப் பார்வைக்கு வைத்தோம். அண்ணியின் கையெழுத்தும் அவற்றில் இருந்தது. பார்க்க வந்த ஒருவர் அண்ணனிடம், படத்தில் நிழல் விழுந்துவிட்டதே, கவனிக்கவில்லையா என்று கேட்டார்.

"அது எடுத்தவங்க நிழலுங்க," என்றார் அண்ணன். "அந்தா நிக்கிறாங்க பாருங்க."

அவர் கை காட்டிய பக்கம் யாரும் இல்லை. எதிர்ப்பக்கம் நின்றிருந்த அண்ணி, சத்தமில்லாமல் நடந்து வந்து அந்த இடத்தில் நின்றுகொண்டார்.