நான்காவது கப்பில் ஓர் ஊசி

எங்கள் அத்தான் மெக்கானிக். உடைந்த பாகம் ஏன் உடைந்தது என்று தெரியாமல் புதியதைத் தொடவே மாட்டார். அவர் காலமான பிறகு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது ஒரு தண்ணீர் வண்டிக்காரரின் பழைய பிக்கப். அதன் முன் அச்சில் சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் கிராஸ் என்ற கூட்டல் குறி வடிவ இணைப்பு உடைந்திருந்தது. மறுநாளே மேட்டுத் தெருவுக்கு அவர் தண்ணீர் ஏற்றியாக வேண்டும்.

"புதுசுதான் வாங்கியாந்துட்டேனே, மாட்டு மாப்ள! செத்ததுக்குப் போய் வைத்தியம் பாக்குற?"

"இருங்க மாமா. எதுல செத்துச்சுன்னு பாத்துடறேன்."

கிராஸின் நான்கு முனைகளிலும் ஊசி போன்ற உருளைகள் நிறைந்த, சிறு கிண்ணம் மாதிரியான கப்புகள் உண்டு. மூன்று நன்றாக இருந்தன. நான்காவதன் அடியில் ஓர் ஊசி குறுக்கே விழுந்து நசுங்கியிருந்தது. அது சாய்ந்ததைக் கவனிக்காமல் யாரோ கப்பைச் சுத்தியலால் அடித்து இறக்கியிருக்கிறார்கள்.

"எந்தப் புண்ணியவான் பாத்த வேலை?"

கேட்ட வண்டிக்காரர் அந்த வண்டியை வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் அது எங்கே பழுது பார்க்கப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. அத்தான் அந்த ஊசியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான்தான் மாமா. பழைய ஓனர் இங்கதான் விட்டாரு."

வண்டிக்காரர் அவரை முறைத்தார். பிறகு கைவிளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் குனிந்தார்.

"ஒவ்வொரு ஊசியும் நிமிர்ந்து நிக்குதான்னு எனக்குக் காட்டிட்டு மாட்டு."