ஜமால் பாயின் ஆல்டம் மீன்கள்

ஜமால் பாய் இறந்த செய்தியை ரொட்டி லோரிக்காரர்தான் எங்கள் எஸ்டேட் ஆபீசுக்குக் கொண்டுவந்தார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் முதலில் வந்தது.

கோலசிலாங்கூரில் அவர் கடையில் சாப்பிட்ட உங்களுக்கு அவர் கைமணம் தெரியும். ஏஞ்சல் மீன் வளர்க்கும் எங்களுக்கு அவர் கண்ணும் தெரியும். காட்டிலிருந்து பிடித்துவரும் ஏஞ்சலில் சாதாரண ஸ்கேலர் எது, கிடைப்பதற்கரிய ஆல்டம் எது என்று குழம்பினால் அவரிடம்தான் ஓடுவோம். "நெத்தியப் பாருலா. மூக்குக்கு மேல பள்ளம் விழுந்து செங்குத்தா ஏறினா ஆல்டம். சும்மா சரிவா போனா ஸ்கேலர்" என்பார்.

புதுப் பிரதமர் வந்த வருஷம், தென் அமெரிக்கக் குஞ்சுகளை இருவரும் சேர்ந்து வாங்கினோம். இரண்டு இனமும் கலந்திருந்தன. அத்தனை சிறிய குஞ்சில் எனக்கு வித்தியாசம் புலப்படவில்லை. அவரே பிரித்து, எல்லா ஆல்டத்தையும் சரிபாதியாக்கியதாகச் சொன்னார். நம்பினேன். சில மாதத்தில் தன் பங்கு செத்துப்போனதாகச் சொன்னபோது, அடுப்படியில் நின்று ஆறுதல் வேறு சொன்னேன்.

அதன் பிறகும் தஞ்சோங் காராங் சதுப்புக் காட்டுக்குப் போய், ஆல்டத்துக்கு ஏற்ற தேநீர் நிறத் தண்ணீரைக் கொண்டுவந்தார். எனக்காகத்தான் அலைகிறார் என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன். வரும்போதெல்லாம் என் தொட்டி முன் குனிந்து, "பள்ளம் வந்துகிட்டு இருக்கு, மணியம். பொறு" என்பார். வருஷக்கணக்கில் பொறுத்தேன்.

போன வருஷம் கடைக்குப் போனபோது, "மொதலாளி மேல மீனுக்குத் தீனி போடுறாரு" என்றான் பரிமாறுபவன். என்ன மீன் என்று மாடியேறினேன். ஒரு முழ உயரத்தில், நெற்றிப் பள்ளத்தோடு, ஆறு ஆல்டம்.

"ஏன் பாய் சொல்லல?"

அவர் தீனி டப்பாவை மூடினார். "சொன்னா நீ கேட்டிருப்ப. கேட்டா நான் குடுத்திருப்பேன்லா."

மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானும் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

அடக்கம் முடிந்ததும் அவர் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மீன நீங்களே எடுத்துக்குங்கண்ணே. ஒங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும்."

வேண்டாம் என்றேன். அவர் நினைவாக என்னிடம் இருப்பது, அவர் பிரித்துக் கொடுத்த சாதாரண ஸ்கேலர்கள்தான். அவற்றையே வைத்துக்கொள்கிறேன். அந்த மீன்கள் ஒருநாளும் தங்களை ஆல்டம் என்று என்னிடம் சொன்னதில்லை.