பன்னிரண்டா, பதினைந்தா?

போன மாதம் ஒரு ஞாயிறு காலை. மாமல்லபுரம் தாண்டி, ஈ.சி.ஆர். ஓரமாக, இன்னும் ஒரு வீடுகூட முளைக்காத மனைப்பிரிவு. அதன் தார் ரோட்டில் நான் கார் ரேஸ் நடத்தினேன்.

கலந்துகொண்டவர்கள்? நான்.

முதல் இடம் எனக்கு. கடைசி இடமும் எனக்கே!

கார் என்றால் ஏறி உட்காரும் கார் இல்லை. முழங்கை நீளம்தான். கையில் ரிமோட். ஆனால் பொம்மை என்று சொல்லிவிடாதீர்கள். நைட்ரோ கலந்த எரிபொருள், நிஜ இன்ஜின், நிஜப் புகை, பைக்கை விரட்டும் வேகம்...

நாற்பத்தாறு வயதில் இது எதற்கு என்கிறீர்களா? மனைவிக்குத் திருச்சியில் வேலை. மகளும் அங்கேதான் படிக்கிறாள். எனக்குச் செங்கல்பட்டில் ஆபீஸ், ஒற்றை ரூம், ஹோட்டல் இட்லி. ஞாயிற்றுக்கிழமையை எதைப் போட்டு நிரப்புவது?

நிரப்பியவர் ரஃபீக் பாய். பஜாரில் டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். ஸ்கூட்டருக்கு பிளக் வாங்கப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் இந்தக் காரின் படம் ஒட்டியிருந்தது. பிளக்கை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினோம். முதல் மாதம் நான் அவருக்கு ‘சார்’. மூன்றாவது மாதம் ‘மச்சான்’. இந்த ஊரில் என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள்.

கார் தேர்ந்தெடுக்கவே நான்கு மாதம். பொத்தேரி பிரவுசிங் சென்டரில் பக்கம் பக்கமாகப் பிரிண்ட் எடுத்தோம். சக்கரத்தைச் சுற்ற பெல்ட்டா, ஷாஃப்ட்டா?

“கடற்கர மண்ணு மச்சான். பெல்ட்டுல பூந்துகினா பேஜாரு. ஷாஃப்ட்டே வாங்கு” என்றார்.

அடுத்து இன்ஜின். பன்னிரண்டா, பதினைந்தா? அளவை வைத்து அப்படித்தான் சொல்வார்கள். பதினைந்து பெரிசு, முரடு. பன்னிரண்டு சின்னது, சொன்னபடி கேட்கும்.

“ரெண்டு பேரும் பன்னெண்டே வாங்கலாம். ஒரே காரு, ஒரே இன்ஜினு. அப்பால யாரு கெலிச்சாலும் அது கை வேல. இன்னா சொல்ற?”

ஒப்புக்கொண்டேன். சிங்கப்பூரிலிருந்து அவர் தம்பி இரண்டு கார் கொண்டுவந்தார். ஒவ்வொரு ஞாயிறும் ரேஸ். ஒவ்வொரு ஞாயிறும் நான் தோற்றேன். இருபது வருடம் கார்புரேட்டரோடு குடித்தனம் நடத்திய கை அது. சத்தத்தைக் கேட்டே, எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசியை இத்தனூண்டு திருப்புவார்... கார் பறக்கும்.

எட்டாவது தோல்விக்குப் பிறகு தனியாகச் சென்னை போனேன். ஒரு பதினைந்து வாங்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. பழையது இருந்த இடத்திலேயே கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

அடுத்து வந்த ஞாயிறு ஜெயித்தேன்.

ரஃபீக் பாய் தலையைச் சாய்த்தார். “சவுண்டு வேற மாரி கீதே, மச்சான்?”

“அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே பாய். அதே இன்ஜின்தான்.”

நம்பிவிட்டார். அதுதான் கொடுமை.

ஐந்து வாரம் ஜெயித்தேன். ஐந்து வாரமும் அவர் குறையைத் தன்னிடமே தேடினார். கியர் மாற்றினார். டயர் மாற்றினார். கடைசியில், வேகம் கூடட்டும் என்று இன்ஜினுக்குப் போகும் எரிபொருளைக் குறைத்துக்கொண்டே போனார். ஆறாவது ஞாயிறு அது சூடேறி, இறுகி, நடு ரோட்டில் நின்றுவிட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லவில்லை.

“நம்மளாண்ட இன்னாமோ பூடுச்சு மச்சான்” என்றபடி காரைத் துணியில் சுற்றினார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்.

அதனால்தான் அந்தத் தனி ரேஸ். சவுக்குத் தோப்பை ஒட்டி என் கார் மட்டும் கத்திக்கொண்டு சுற்றியது. நான்காவது சுற்றில் நிறுத்திவிட்டேன். யாரை முந்துவது?

மறுநாள் இன்ஜினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் முன்னால் வைத்தேன்.

“பாய்... இது பதினஞ்சு. இதை வெச்சுத்தான் ஜெயிச்சேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்ஜினை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

“எனக்குக் காதுதான் பூடுச்சுன்னு நெனச்சேன். டாக்டராண்ட போயி டெஸ்ட்டெல்லாம் எடுத்தேன். ‘சவுண்டு கேட்டுச் சொல்லு பாய்’னு எவனாச்சும் வண்டியோட வந்தா, பக்கத்துக் கடைக்கு அனுப்பிகினு இருந்தேன்.”

“மன்னிச்சிடுங்க பாய்.”

“பரவால்ல. காது நல்லாத்தான் கீதுன்னு தெரிஞ்சுச்சே.” இன்ஜினை என் பக்கம் நகர்த்தினார். “எடுத்துனு போங்க சார். கஸ்டமரு நிக்கிறாரு.”

சார்!

வெயிலில் ரூம் வரை நடந்தே வந்தேன். நாம் ஜெயிக்க என்னென்ன தேவை என்று இராப்பகலாக யோசிக்கிறோம். வாராவாரம் நம்மைத் தோற்கடிக்க ஒரு ஆள் வந்து நிற்பது எத்தனை பெரிய விஷயம்... அது அந்த ஆள் போன பிறகுதான் உறைக்கிறது.

எந்த இன்ஜின் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் சொல்கிறேன் — உங்களோடு ஓட்ட வருகிறவர் எதை வாங்குகிறாரோ, அதையே!