மரம் மாதிரி நில்லுங்க

அன்று எங்கள் லகாட் ஊர் மண்டபத்து யோகா வகுப்பில் இருந்தவர்கள் ஆசிரியை கவிதா, ஓய்வுபெற்ற நர்ஸ் லெட்சுமி அக்கா, அவர் வீட்டுக்காரர், நான். சமீபமாக எனக்குப் பெயர்கள் மறக்கின்றன. ஆறாம் ஆண்டோடு படிப்பை விட்டவள் நான். இருக்கிற கொஞ்ச மூளையும் போய்விடுமோ என்று பயம். யோகா மூளைக்கு நல்லது என்றார்கள், வந்தேன்.

“ஒத்தக் கால்ல மரம் மாதிரி நில்லுங்க” என்றார் கவிதா.

மரம் என்றதும் எனக்கு ரப்பர்த் தோட்டம்தான். விடியலில், பனி சொட்டும் மரநிரையில், பால்மரம் வெட்டும் அம்மாவோடு போவேன். காலில் அட்டை ஏறினால் அம்மா ஒற்றைக் காலில் நின்று, மறு பாதத்தைத் தொடையில் ஏற்றி, புகையிலை எச்சிலைத் தடவி உதிர்ப்பார். மரத்தில் சாயமாட்டார், பட்டையில் வெட்டிய கோட்டில் பால் ஓடிக்கொண்டிருக்கும். நான் கை கொடுக்கப் போனால், “நான் என்ன கெழவியாடி? தள்ளிப் போ!” என்று சிரிப்பார்.

அப்படியே பாதத்தைத் தொடையில் ஏற்றினேன். நர்ஸ் அக்கா சுவரைப் பிடித்துவிட்டார். நான் ஆடவே இல்லை.

“ஆத்தாடி! யாருகிட்டக்கா யோகா கத்துக்கிட்டீங்க?” என்றார் கவிதா.

“எங்கம்மாகிட்ட லா.”

“அவங்க டீச்சரா?”

“பால்மரம் வெட்டினவங்க. முத்துசாமி மக அஞ்சலை” என்றேன். தேடாமலே வந்தது அம்மாவின் பெயர்.