மருமகனின் காருக்கு நான் எடுத்த டயர்

2024 ஒக்டோபர் 19, சனிக்கிழமை, காலை ஒன்பது இருபது. வானம் மூடியிருந்தது; தூறல், காற்று இல்லை. மட்டக்களப்பு நகரத்தில் ஒரு டயர்க்கடை வாசலில் நானும் மருமகனும் நின்றோம். குடை ஒன்றுதான் இருந்தது. அதை அவர் என் தலைக்கு மேலே பிடித்திருந்தார். அவருடைய இடது தோள் நனைந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அதை நான் பார்த்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சேரும். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து இருப்பார். என் மகளின் கணவர் பெரியகல்லாற்றிலிருந்து கல்லடிக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வரும்போது இரண்டு உடுப்புப் பெட்டியும் ஒரு காரும் கொண்டுவந்தார். கட்டாரில் நாலு வருடம் குளிரூட்டி திருத்தி உழைத்த காசு முழுவதும் அந்தக் கார்தான். இரண்டு கதவு, ஜப்பான் கார், நிலத்தோடு ஒட்டினமாதிரி ஓடும். உள்ளே ஏறுவதற்கு நான் முதலில் குந்த வேண்டும், பிறகு விழ வேண்டும். அது ஸ்டார்ட் ஆகும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் மதிலேறும். இதைப் பற்றி நான் மகளிடம் பலமுறை குறைப்பட்டிருக்கிறேன். மருமகனிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மகளிடம் சொன்னால் அவருக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெரியும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு விடியற்காலை அவர் மகியங்கனைக்கு அப்பால் உள்ள பதினெட்டு வளைவு மலைப்பாதைக்குப் போவார். ஏறுவார், இறங்குவார், பகல் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார். எதற்காக என்று எனக்கு விளங்கவில்லை. ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். நான் வளைவுகளை எண்ணினேன். பதினெட்டும் சரியாக இருந்தது. ஏழாவதற்கும் எட்டாவதற்கும் இடையில் அவர் வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டை முனகினார். வீட்டில் அவர் குரல் அப்படிக் கேட்டதே இல்லை. வீட்டில் அவர் கோப்பையைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பார்.

டயர் நாலும் தேய்ந்து வழுக்கையானபோது, தேநீர் நேரத்தில் மரியாதைக்கு என்னிடமும் ஒரு வார்த்தை சொன்னார். எந்த டயர் என்று அவர் பல மாதமாகப் பார்த்து முடிவெடுத்திருந்தார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். நானோ என்னிடம் ஆலோசனை கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மாவட்ட அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தொரு வருடம் கணக்குப் பார்த்தவனிடம் வேறு எதைக் கேட்பார்கள்?

கடைக்காரர் காத்தான்குடிக்காரர். இரண்டு டயரை இறக்கிச் சுவரோடு சாத்தினார். ஒன்று மென்மையான ரப்பர். தார் றோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும், மழையிலும் விடாது, ஆனால் கெதியில் தேய்ந்துவிடும். அதன் பக்கத்தில் தேய்மான எண் இருநூறு என்று அச்சாகியிருந்தது. மற்றது கடினமானது, எண் ஐந்நூறு. மருமகன் இருநூறின் முன்னால் குந்தியிருந்து பெருவிரலால் ரப்பரை அழுத்திப் பார்த்தார். பழம் பார்ப்பதுபோல இருந்தது.

எவ்வளவு தூரம் ஓடும் என்று நான் கேட்டேன். அது இருபதாயிரம் கிலோமீற்றர், இது ஐம்பதாயிரம் என்றார் கடைக்காரர். முதலாவது அறுபத்திரண்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபா, இரண்டாவது முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு. நான் அந்த இடத்திலேயே பிரித்தேன். ஒரு சில்லு ஒரு கிலோமீற்றர் ஓட முதலாவதற்கு மூன்று ரூபா பதினான்கு சதம், இரண்டாவதற்கு எழுபத்து மூன்று சதம். நாலால் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். மருமகன் எழும்பி, விரலைக் காற்சட்டையில் துடைத்தார்.

"சரி மாமா."

கடைக்காரர் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாமா கணக்குப் பாத்தா மருமகன்மார் வாய் தொறக்கேலுமா?"

நான் சிரித்தேன். மருமகனும் சிரித்தார். அவருடைய காசில் ஐந்நூறு டயர் நாலும் பூட்டினோம். ஒரு லட்சத்து ஐயாயிரம் ரூபா மிச்சம் பிடித்துக் கொடுத்தேன் என்று அன்று பின்னேரம் மகளிடம் மூன்று தரம் சொன்னேன்.

அடுத்த கிழமை மாரி தொடங்கியது. பெரியகல்லாற்றில் அவருடைய தாயாரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம். நான் முன் ஆசனத்தில், மகள் பின்னால் ஒடுங்கியிருந்தாள். ஈரத் தெருவில் ஒரு வளைவில் கிறுகும்போது காரின் பின்பக்கம் மெல்ல வெளியே போனது. அவர் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் கொடுத்துப் பிடித்துவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. அங்கிருந்து கல்லடி வரைக்கும் மிக மெதுவாக வந்தோம். முச்சக்கரவண்டிகள் எங்களை முந்திக்கொண்டு போயின. பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். தெருவைப் பிடிக்காத டயரில் ஓடுகிற காரை அவர் கையில் வைத்திருந்தார் என்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

நவம்பரில் அவர் பதினெட்டு வளைவுக்குப் போகவில்லை. மழை என்று நினைத்தேன். டிசம்பரில் வெயில் எறித்த ஞாயிறுகளும் இருந்தன, போகவில்லை. வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகத் தொடங்கினார். காரைக் கழுவித் துணி போட்டு மூடினார். சத்தம் இல்லாததால் எனக்கு நித்திரை நன்றாக வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஏறாவூரிலிருந்து ஒருவர் வந்து, துணியை நீக்கி, காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். மகளிடம் கேட்டேன். விற்கப் போகிறார், வெள்ளிக்கிழமை காசு கொண்டுவருவார்கள் என்றாள். ஏன் என்று கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமல் சொன்னாள்.

"அந்த டயரோட அது அவர்ர கார் இல்லியாம். சும்மா ஒரு காராம்."

"அப்ப கடையில ஏன் சொல்லல்ல? கேட்டுத்தானே எடுத்த நான்?"

"அவர் உங்களுக்கு இல்லெண்டு சொல்லுவாரா அப்பா? இது அவர்ர வீடா?"

நான் போய் விற்க வேண்டாம் என்று சொல்கிறேன் என்றேன்.

"சொல்லுங்க. அதுக்கும் சரி மாமா எண்டுதான் சொல்லுவார். மறுகா ஒரு மாசத்தில வேற ஆள் வந்து பாப்பான்."

நானும் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன்தான். என் மாமனார் இருந்த பதினான்கு வருடமும் நானும் அதே இரண்டு சொல்லைத்தான் சொன்னேன். அதை எத்தனை தரம் சொன்னேன் என்று மட்டும் நான் எண்ணி வைக்கவில்லை. ஒருவன் அதை என்ன மனதோடு சொல்வான் என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவன் யார்? தெரிந்துகொண்டும், எனக்குச் சொல்லப்பட்டபோது அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை வங்கிக்குப் போனேன். என் செத்தவீட்டுச் செலவுக்கென்று போட்டிருந்த வைப்பை உடைத்தேன். வட்டி குறையும் என்று அங்கிருந்த பிள்ளை எச்சரித்தாள். எவ்வளவு என்று அவளுக்கு முன்னமே எனக்குத் தெரியும். வியாழன் பின்னேரம் மருமகனிடம், டயர்க்கடைக்குப் போகவேண்டும், காரில் கூட்டிப்போங்கள் என்றேன். "சரி மாமா" என்றார்.

கடையில் நான் வாங்கில் உட்கார்ந்துகொண்டேன். காசு இந்தப் பையில் இருக்கிறது, நான் வாய் திறக்கமாட்டேன், உங்களுக்கு வேண்டியதை எடுங்கள் என்றேன். அவர் நின்றார். பிறகு ஒவ்வொரு டயராகத் தடவிக்கொண்டு போய், அதே இருநூறின் முன்னால் குந்தினார். கடைக்காரர் பக்கத்தில் இன்னொன்றை உருட்டிக்கொண்டு வந்து, இதுவும் கிட்டத்தட்ட அதேதான், விலை குறைவு என்றார்.

நான் வாய் திறந்துவிட்டேன். பழக்கம். "எவ்வளவு குறைவு?"

"ஒண்டுக்கு ஏழாயிரம், ஐயா."

"ஏழாயிரம் எண்டா நாலுக்கும்... மகன், அதையும் ஒருக்காப் பாருங்களன்."

மருமகன் எழும்பவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. கை அந்த ரப்பரிலேயே இருந்தது. காது மட்டும் சிவந்தது.

"இல்ல மாமா," என்றார். "அது வேணாம். இதுதான்."

கடைக்காரர் மற்றதைச் சத்தமில்லாமல் உள்ளே உருட்டிக்கொண்டு போனார். எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் 'இல்லை' அது. அதை அவர் வாயிலிருந்து எடுக்க ஒரு காரை விற்கும் எல்லைவரைக்கும் அவரைக் கொண்டுபோயிருக்கிறேன்.

ஐந்நூறு டயர்களைக் கடைக்காரர் அரைவிலைக்கு எடுத்துக்கொண்டார். அந்தக் காசு மருமகனுடையது. மருமகன், கடை வாசலிலேயே நின்று, கார் விற்கவில்லை என்று ஏறாவூர்க்காரருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். திரும்பும்போது கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சுற்றுவட்டத்தில் கிறுகும்போது கார் தெருவை இறுகப் பிடித்தது, எனக்கே தெரிந்தது. அவர் பாட்டு முனகவில்லை. அதற்கு இன்னும் நாளெடுக்கும் என்று நினைக்கிறேன். நான் பக்கத்தில் இருக்கும்போது வராமலும் போகலாம்.

டயர் நாலு, இரண்டு லட்சத்து ஐம்பத்தோராயிரம். பூட்டிச் சமநிலை பார்க்க நாலாயிரத்து எண்ணூறு. சில்லு நேராக்க நாலாயிரத்து ஐந்நூறு. மொத்தம் இரண்டு லட்சத்து அறுபதாயிரத்து முன்னூறு ரூபா.